கார்பன் அம்பை வெட்டலாமா, முனையில் எடை கூட்டலாமா?

பிசான அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளோடு கிடந்த பங்குனி மாதம். என் அக்கா மகன் புது வில்லோடு ஊருக்கு வந்தான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். 62 இன்ச் நீள ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்தது. சிறகுகளை, அதாவது வளைகிற இரு பாதிகளையும், கழற்றி மாட்டும் வகை. கூடவே 30 இன்ச் நீளத்தில் ஆறு கார்பன் அம்புகள். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தோப்பில் நின்று எய்து பார்த்தான். அம்பு போகிற வழியெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டே போனது.

"மாமா, ஒரு இன்ச் வெட்டிட்டா சரியாயிரும்லா?"

"வெட்டாத டே. மொதல்ல அது எந்தப் பக்கம் போவுதுன்னு பாப்போம்."

கைப்பிடியில் அம்புக்குப் பள்ளம் வெட்டாத மரபு வில்லோ, இவனுடையதைப் போன்ற ரிகர்வோ, கார்பன் அம்பு வாங்கிய எல்லோரும் முதல் வாரத்தில் வந்து நிற்கிற இடம் இதுதான். அம்பு வில்லோடு ஒத்துப்போகவில்லை. சரிசெய்ய நான்கு வழி இருக்கிறது. அம்பை வெட்டலாம். முனையின் எடையை மாற்றலாம். அம்பைத் தொடாமல் வில்லில் சில மாற்றங்கள் செய்யலாம். இல்லையென்றால் வேறு விறைப்பில் புது அம்பே வாங்கிவிடலாம். திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தவறிப்போனால் பக்கத்துத் தெருக் கடையில் போய் இன்னொரு தண்டு வாங்கிவர முடியாது. எல்லாம் பார்சலில்தான் வர வேண்டும். அதனால் எந்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமோ அதை முதலில் செய்ய வேண்டும், எதைத் திரும்ப எடுக்கவே முடியாதோ அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

என் முதல் செட் கார்பன் அம்புகளை ஓர் ஆடி மாதச் சாயங்காலம் சோதித்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் அந்த மாதத்தில் எப்படி அடிக்கும் என்று தெரியாதவர்கள் கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தால் போதும். அந்தக் காற்றில், நாற்பது ஐம்பது அம்பு எய்து களைத்த கையோடு, இறகில்லாத ஓர் அம்பை விட்டுப் பார்த்தேன். வலது பக்கம் போனது. அம்பு துவள்கிறது, வெட்டினால் விறைக்கும் என்று முடிவு கட்டி, ஆறையும் ஒரே நாளில் ஒன்றரை இன்ச் வெட்டிவிட்டேன். மறு வாரம் விடியற்காலையில், காற்றில்லாத நேரத்தில் பார்த்தபோது அதே அம்புகள் இடது பக்கம் குத்திக்கொண்டு நின்றன. அவை முதலில் கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. வெட்டிய ஒன்றரை இன்ச்சை யாரும் ஒட்டித் தர முடியாது.

சரி, விறைப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது புரியாமல் நான்கு வழிகளையும் எடை போட முடியாது.

கார்பன் தண்டின் மேல் 400, 500, 600 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஸ்பைன் என்பார்கள். தண்டை 28 இன்ச் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச் வளைகிறது என்பதுதான் அந்த எண். 500 என்றால் அரை இன்ச் வளைகிறது. ஆகவே எண் பெரிதானால் தண்டு அதிகம் துவளும், எண் சிறிதானால் விறைப்பானது. புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். 600 என்பதை 500-ஐ விடப் பலமானது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

தாங்கியில் படுத்திருக்கும்போது உள்ள விறைப்பு ஒன்று, வில்லிலிருந்து பாயும்போது உள்ள விறைப்பு வேறு. நாண் பின்னால் இருந்து உந்துகிறது. முனை தன் எடையால் அசைய மறுக்கிறது. நடுவில் தண்டு வளைகிறது. மரபு வில்லில் அம்பு கைப்பிடியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால், இந்த வளைவு இருந்தால்தான் அது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நேராகப் போக முடியும். கிணற்றில் விலாங்கு மீன் நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அம்பும் வில்லை விட்டதும் அப்படித்தான் நெளிகிறது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மேன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படம் எடுத்து இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டினார். அம்பு அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் வளையாமல் கைப்பிடியால் தள்ளப்பட்டு, வலக்கைக்காரருக்கு இடது பக்கம் போகும். அளவுக்கு மேல் துவண்டால் அதிகம் வளைந்து வலது பக்கம் போகும். இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறும்.

பாயும்போது உள்ள இந்த விறைப்பை மாற்றுகிற காரணங்கள் பல. தண்டைக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும். முனையில் எடை ஏற்றினால் குறையும். வில்லின் இழுவை பலம் கூடினால் அதே அம்பு துவளும். அம்பு கைப்பிடியின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே வந்தால் துவண்டது போல் நடக்கும், வெளியே தள்ளினால் விறைத்தது போல் நடக்கும். நீள்மை குறைந்த வேகமான நாண் போட்டால் துவளும்.

இப்போது மருமகன் கதைக்கு வருவோம். வில்லில் 28 இன்ச் இழுவைக்கு 40 பவுண்டு என்று எழுதியிருந்தது. அவன் 27 இன்ச்தான் இழுக்கிறான். மீன் நிறுக்கிற தொங்கு தராசை நாணில் மாட்டி அவன் இழுவைக்குப் பார்த்தோம். 17.2 கிலோ வந்தது, அதாவது 38 பவுண்டு. அம்பு 500 விறைப்பு, முழு 30 இன்ச், முனை 100 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய ஆறரை கிராம். விற்றவர் கொடுத்த அட்டவணைப்படி வாங்கியிருக்கிறான். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கும், அம்பு நடுக்கோட்டிலேயே உட்காரும் போட்டி வில்லுக்கும் போட்டவை. கைப்பிடியில் வெட்டிய திட்டின், அதாவது ஷெல்ஃபின், மேலேயே அம்பை வைத்து விரலால் விடுகிறவருக்கு அவை சொல்கிற தண்டு வழக்கமாக விறைப்பாகத்தான் இருக்கும். அவன் வெட்டியிருந்தால் ஏற்கெனவே விறைத்திருப்பது இன்னும் விறைத்திருக்கும்.

விடியற்காலை ஆறு மணிக்கு, காற்று கிளம்புவதற்கு முன் சோதனையைத் தொடங்கினோம். பழைய துணியும் பிளாஸ்டிக் தாளும் திணித்த இரண்டு கோணிப் பைதான் இலக்கு. வைக்கோல் கட்டையும் சிலர் வைப்பார்கள், நான் வைப்பதில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆறு அம்பில் இரண்டின் இறகை உரித்துவிட்டோம். உரித்த இறகுக்கு ஈடாகத் தண்டின் அதே இடத்தில் கொஞ்சம் டேப் சுற்றினோம், எடை மாறாமல் இருக்க. மொட்டை அம்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இறகு அம்பின் தவறை மூடி மறைக்கும், மொட்டை அம்பு மறைக்காது.

எட்டு மீட்டரில் தொடங்கி, பழகியபின் 15 மீட்டருக்குப் போனோம். இறகுள்ள மூன்று, மொட்டை இரண்டு. மொட்டை அம்பு எங்கே குத்தியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும், எந்தச் சாய்வில் குத்தி நிற்கிறது என்பதை நம்பக் கூடாது. கோணிக்குள் இருக்கிற துணி அம்பை இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். ஒரு தடவை எய்து முடிவெடுக்கவும் கூடாது. ஐந்தாறு சுற்றாவது எய்து, கை தவறிய அம்பை ஒதுக்கிவிட்டு, மீதியைப் பார்க்க வேண்டும். காகிதத்தைச் சட்டத்தில் ஒட்டி அதைத் துளைத்துப் பார்க்கிற முறையும் உண்டு. இரண்டு மீட்டரில் விரலால் விட்ட அம்பு இன்னும் நெளிந்துகொண்டே இருக்கும். கிழிசல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். மரபு வில்லுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

இடது வலதுக்கு முன்னால் மேல் கீழைத்தான் பார்க்க வேண்டும். நாணில் அம்பின் பின்கவை, அதாவது நாக், மாட்டுகிற இடம் தாழ்ந்திருந்தால் தண்டின் வால் ஷெல்ஃபில் இடித்துத் துள்ளும். அப்புறம் எந்தக் கணக்கும் சரியாக வராது. அதனால் ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வருகிற கோட்டுக்கு 5/8 இன்ச் மேலே, நாக் நிற்கிற இடத்தைக் காட்ட நாணில் ஒரு கட்டுப் போட்டுத் தொடங்கினோம். மொட்டை அம்பு இறகம்புக்குக் கீழே குத்தினால் கட்டு உயரத்தில் இருக்கிறது, மேலே குத்தினால் தாழ்வில் இருக்கிறது. நூலால் கட்டினால் ஒரு சுற்று இரண்டு சுற்றாக நகர்த்தலாம். பித்தளை வளையத்தை இடுக்கியால் அமுக்கிவிட்டால் அந்த வசதி போய்விடும். அரை மணி நேரத்தில் மேல் கீழ் சரியாகிவிட்டது. நாக் நாணை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். மாட்டிய அம்பைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். இறுகிப் பிடிக்கிற நாக் நல்ல அம்பையும் கோணலாக அனுப்பும்.

இடது வலதில் மொட்டை அம்பு இரண்டும் இடது பக்கம், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி. விறைப்பு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மிகவும் துவண்ட அம்பு சில நேரம் கைப்பிடியின் பக்கத்தில் அடித்து, எம்பி, இடது பக்கம் போகும். பார்த்தால் விறைத்த அம்பு போலவே இருக்கும். இதை நம்பி எடை கூட்டினால் நிலைமை மோசமாகும். அதனால் ஷெல்ஃபிலும் அம்பு சாய்ந்திருக்கிற பக்கச் சுவரிலும் முகப் பவுடரைத் தூவி இரண்டு அம்பு எய்யச் சொன்னேன். பவுடர் எங்கே கலைந்திருக்கிறது, தண்டில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அம்பு இடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பின்பாதியில் ஒட்டவே இல்லை. அம்பு உண்மையிலேயே விறைப்புதான். இரண்டாவது சாட்சிக்கு 25 கிரெய்ன் கூட்டிப் பார்க்கலாம். உண்மையான விறைப்பானால் மொட்டை அம்பு இறகம்புகளை நோக்கி வலது பக்கம் நகரும். நகர்ந்தது.

நோய் விறைப்பு என்று தெரிந்த பிறகு நான்கு வழிகளில் ஒன்று தானாகக் கழிந்துவிட்டது. வெட்டுவது விறைப்பைக் கூட்டும், இவனுக்கு வேண்டியது குறைப்பது. மீதி மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

முனை எடையைத்தான் நான் முதலில் எடுப்பேன். திருகி மாட்டுகிற முனை என்பதால் இரண்டு நிமிட வேலை. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டலாம். 100, 125, 145, 175, 200 என்று ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு முனை கொண்ட சோதனைப் பொட்டலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அம்புக்காக நான் செலவழித்த பணத்தில் இதைப் போல் பயன்பட்டது வேறில்லை. தோப்பில் எய்கிற நாலைந்து பேரும் இதை வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். 125-இல் ஒரு சாண் முக்கால் சாணானது. 145-இல் அரைச் சாண். 175-இல் உள்ளங்கை அகலம். 200-இல் மொட்டை அம்பும் இறகம்பும் கலந்து நின்றன.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அம்பு கனத்துவிட்டது. நகை வேலை செய்கிற தெரிந்தவரின் தராசில் இரண்டையும் நிறுத்தோம். 100 கிரெய்ன் முனையோடு 23.5 கிராம், அதாவது 363 கிரெய்ன். 200 கிரெய்ன் முனையோடு 30 கிராம், 463 கிரெய்ன். 38 பவுண்டுக்கு வகுத்தால் பவுண்டுக்கு 9.5 கிரெய்னாக இருந்தது 12-க்கு மேல் போய்விட்டது. மரபு வில்லுக்குப் பவுண்டுக்கு 8 முதல் 10 வரை என்பது பொதுவான பழக்கம். வில் செய்தவர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் ஒருபோதும் போகக் கூடாது. அம்பு இலேசாக இருந்தால் வில்லின் பலம் அம்புக்குள் போகாமல் வில்லிலேயே தங்கி, சிறகுகளையும் நாணையும் உலுக்கும். மேலே போனால் வில்லுக்கு ஆபத்தில்லை, நல்லதுதான். அம்புதான் மெதுவாகப் போகும், தூரம் கூடக் கூடத் தாழும்.

கனத்ததில் ஒரு நன்மையும் வந்தது. வில் அடங்கிப்போனது. சுடலை கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அங்கே வீசுகோல் பட்டதும் வில்லும் மணிகளும் அதிர்ந்து பேச வேண்டும், அதில்தான் பாட்டு இருக்கிறது. எய்கிற வில்லில் சத்தம் வந்தால் அம்புக்குள் போக வேண்டிய பலம் வீணாகிறது என்று பொருள். 100 கிரெய்னில் டணார் என்று கேட்ட வில், 200-இல் மெல்லிய ஒரு தட்டோடு நின்றது. மருமகனே முதலில் அதைத்தான் கவனித்தான்.

முனை கனத்தால் அம்பின் சமநிலைப் புள்ளியும் முன்னால் நகரும். விரல்மேல் வைத்துப் பார்த்தோம். பின்கவையிலிருந்து 19.4 இன்ச்சில் நின்றது 21.7-க்கு வந்திருந்தது. அம்பின் நடுவிலிருந்து எத்தனை சதவீதம் முன்னால் என்று கணக்கிட்டால் சுமார் 15 சதவீதம் 22 ஆகியிருக்கிறது. முன்கனம் கூடினால் அம்பு சீக்கிரம் நேராகும். வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் இதை இன்னும் மேலே, 30 சதவீதத்துக்குக்கூடக் கொண்டுபோகச் சொல்வார்கள். அவர்கள் வேட்டைக்காரர்கள், அம்பு விலங்கின் உடலில் ஆழமாக இறங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பக்கத்தில் களக்காடு முண்டந்துறைக் காடு இருக்கிறது என்பதற்காக அந்த நினைப்பே வரக் கூடாது. கோணிப் பையைத் துளைக்க 30 சதவீதம் தேவையில்லை. அம்பு வில்லோடு ஒத்துப்போகிற அளவுக்கு எடை ஏற்றினால் போதும்.

அடுத்தது, வில்லில் செய்கிற மாற்றம். இதையும் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் இதன் கை நீளம் குறைவு. மருமகன் வில்லின் பக்கச் சுவரில் மூன்று மில்லிமீட்டர் தோல் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய வெல்க்ரோவின் மென்பக்கத்தை ஒட்டினோம். அம்பு உள்ளே வந்தது. 200 கிரெய்ன் வேண்டியிருந்த இடத்தில் 175 போதும் என்றாகியது. இதே வழியைத் துவண்ட அம்புக்குத் தலைகீழாகச் செய்யலாம், தோலுக்கு அடியில் ஒரு தீக்குச்சி கனத்துக்கு ஏதாவது வைத்து அம்பை வெளியே தள்ளலாம். துவண்ட அம்பு வைத்திருப்பவர்களுக்கு வெட்டுவதற்கு முன் நான் சொல்வது இதைத்தான்.

நாண் உயரத்தை, அதாவது நாணுக்கும் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள தூரத்தை, முறுக்கிக் கூட்டலாம் அவிழ்த்துக் குறைக்கலாம். வில் செய்தவர் சொன்ன எல்லைக்குள் அரைக்கால் இன்ச் அரைக்கால் இன்ச்சாக மாற்றி, சத்தம் குறைகிற இடத்தில் நிறுத்துங்கள். விறைப்புக் கோளாறை இதனால் தீர்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் டக்ரான் என்ற பாலியெஸ்டர் நாண் நீண்டு இந்த உயரம் தானாகவே குறையும். நேற்று சரியாகப் போன அம்பு இன்று போகவில்லை என்றால் முதலில் இதை அளந்து பாருங்கள். வேகமான நாண் போட்டாலும் விறைத்த அம்பு சற்றுத் துவளும்தான். ஆனால் வில் நுனிகள் அதற்கென்று பலப்படுத்தப்பட்டவையாக இல்லாவிட்டால் நுனியே பிளந்துவிடும். அம்பைச் சரிசெய்வதற்காக மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவது, 600 விறைப்பில் புது செட். கணக்கு மட்டும் பார்த்தால் இதுதான் மிகச் சுத்தமான வழி. அதே 30 இன்ச்சில் 600 தண்டு இன்னும் இலேசானது. 125 கிரெய்ன் முனையோடு மொத்தம் 360 கிரெய்ன் அருகில் வரும். பவுண்டுக்கு 9.5. வேகமும் இருக்கும், 30 மீட்டர் 40 மீட்டருக்கு வளைவும் குறையும். நாளைக்கே மாவட்டப் போட்டிக்குப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் யோசிக்காமல் இதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவனிடம் ஒன்று கேட்டேன். "சிறகு மாத்துவியாடே?"

"அடுத்த வருசம் 45 பவுண்டு சிறகு வாங்கணும்னு இருக்கேன் மாமா."

அதோடு முடிவு வந்துவிட்டது. 45 பவுண்டு சிறகில் அவன் இழுவைக்கு 42, 43 வரும். அப்போது இதே 500 தண்டு, வெட்டாத 30 இன்ச்சில், 125 அல்லது 145 முனையோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். இன்று 600 வாங்கினால் அடுத்த வருடம் அது துவளும். இன்று 500-ஐ வெட்டினால் அடுத்த வருடமும் விறைக்கும். வெட்டாமல் முனை எடையால் சமாளித்தால் ஒரே ஆறு தண்டு இரண்டு சிறகுக்கும் உழைக்கும். கழற்றி மாட்டும் வில் வைத்திருக்கிற, இன்னும் பலம் கூடப்போகிற இளைஞர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒரே வில், ஒரே பலம், இனி மாறப்போவதில்லை என்கிற நாற்பது வயதுக்காரர் கேட்டால் மாற்றிச் சொல்வேன். அவருக்குச் சரியான விறைப்பில் புது செட் வாங்குவதே மேல். கனத்த முனையைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் எய்ய வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் வெட்டவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பு உண்மையிலேயே துவள்கிறது, முனையை 100-க்குக் குறைத்தும் பக்கச் சுவரைக் கனமாக்கியும் தீரவில்லை, காற்றில்லாத இரண்டு வெவ்வேறு காலையில் ஒரே விடை வருகிறது என்றால் வெட்டலாம். அப்போதும் ஆறையும் சேர்த்து வெட்டாதீர்கள். ஒரே ஒரு மொட்டை அம்பை மட்டும் கால் இன்ச் வெட்டி, எய்து, மறுபடி கால் இன்ச். அது சரியான இடத்துக்கு வந்த பிறகு மற்றவற்றை அந்த அளவுக்கு வெட்டுங்கள். இழுவை முடிவில் முனை வில்லைத் தாண்டி முன்னால் ஓர் இன்ச்சாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள், கைக்குள் வந்து விழுகிற நீளத்துக்கு ஒருபோதும் போகக் கூடாது.

வெட்டுகிற விதமும் முக்கியம். பிளம்பிங் குழாய் வெட்டுகிற கருவியால் கார்பனை அமுக்கி வெட்டினால் இழைகள் உடையும். வாள் பிளேடும் வேண்டாம். வேகமாகச் சுழலும் மெல்லிய தேய்ப்புச் சக்கரம்தான் சரி. தண்டையும் மெல்லச் சுழற்றியபடி வெட்ட வேண்டும். ஊரில் ஒரு பட்டறையில் இதைச் செய்துகொடுத்தார்கள், ஆனால் முகத்தில் எதுவும் கட்டிக்கொள்ளாமல் வெட்டினார்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நல்ல மாஸ்க், கண்ணாடி, ஈரத் துணி மூன்றும் வேண்டும். வெட்டிய முகத்தை உப்புத்தாளில் சதுரமாகத் தேய்த்து, உள்ளே ஆல்கஹாலால் துடைத்து, அப்புறம்தான் இன்செர்ட்டை, அதாவது முனையைத் திருகி மாட்டுகிற உலோகச் செருகியை, ஒட்ட வேண்டும். உருக்கி ஒட்டும் பசையானால் சூட்டை உலோகத்துக்குக் காட்டுங்கள், கார்பனுக்கு நேரே காட்டினால் பிசின் கெட்டுத் தண்டு பலமிழந்துவிடும். இன்னொன்று, கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் அம்பை வைத்துவிட்டுப் போனால் அந்தப் பசை இளகி, அடுத்த எய்தலில் முனை கோணிக்குள்ளேயே தங்கிவிடும். வில்லையும் அப்படி விடக் கூடாது. அடுக்கு ஒட்டிய சிறகு பிளந்துபோகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மர அம்புக்கே போய்விடலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் லாங்போ, அதாவது நெடுவில், பிரிவில் மர அம்பு கட்டாயம். அந்தப் பக்கம் போகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. மர அம்புக்கு விறைப்பை வேறு கணக்கில், 26 இன்ச் இடைவெளியில் 2 பவுண்டு தொங்கவிட்டு அளப்பார்கள். ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மரத் தண்டு வளைவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் விரலால் நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆறும் ஒரே மாதிரி இருக்க வைப்பதே பெரிய வேலை. கார்பனில் ஒன்றைச் சரிசெய்துவிட்டால் மற்றவை கிட்டத்தட்ட அப்படியே வரும். கற்றுக்கொள்கிறவருக்கு அம்பின் குற்றம் எது, தன் கையின் குற்றம் எது என்று பிரித்துக் காட்டுவது கார்பன்தான்.

கார்பனில் எனக்கு உள்ள ஒரே பயம் அது உடைகிற விதம். மரம் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், தெரியாமல் மாட்டி இழுத்தால் விடும்போது சிதறிக் கையில் ஏறும். ஒவ்வொரு முறை இலக்கிலிருந்து பிடுங்கியதும் தண்டை இரு கையாலும் பிடித்து இலேசாக வளைத்து, சுழற்றி, மறுபடி வளைத்துப் பாருங்கள். சரசரவென்று சத்தம் கேட்டால் அங்கேயே முறித்துப் போட்டுவிட வேண்டும். மொட்டை அம்பு கோணலாகக் குத்துவதால் அதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

வைக்கோல் கட்டு ஏன் வேண்டாம் என்றால் இதனால்தான். உடைந்த கார்பன் இழை வைக்கோலுக்குள் போனால் பொறுக்கி எடுக்க முடியாது. அந்த வைக்கோல் என்றைக்காவது மாட்டின் வாய்க்குப் போகும். அதே போல் இலக்கைத் தவறி வயலுக்குள் போன அம்பைத் தேடாமல் விட்டுவிட்டு வரக் கூடாது. அடுத்த நடவில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பாருங்கள், அதற்கு அப்பால் ஆள் நடமாட்டமும் மேய்ச்சலும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு நிற இறகு போட்டால் தாளுக்குள் கிடந்தாலும் தெரியும். பச்சையும் பழுப்பும் பார்க்க அழகு, ஆனால் தேடுகிறவனுக்குத் துன்பம்.

இறகைப் பற்றி ஒரு வரி. ஷெல்ஃபிலிருந்து எய்கிறவர் பிளாஸ்டிக் இறகு போடவே கூடாது. வான்கோழி இறகு கைப்பிடியில் உரசினால் மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் மடங்காமல் அம்பை எத்திவிடும். மொட்டை அம்பு சரியாகப் போகிற அளவுக்குச் சரிசெய்துவிட்டால் நான்கு இன்ச் இறகு மூன்று தாராளமாகப் போதும்.

மருமகன் இப்போது 175 கிரெய்ன் முனையோடும் மெல்லிய வெல்க்ரோவோடும் எய்கிறான். தண்டு முழு 30 இன்ச், வெட்டவில்லை. நாண் உயரம், கட்டின் உயரம், முனை எடை, மொட்டை அம்பு போன இடம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். 45 பவுண்டு சிறகு வந்ததும் அந்த நோட்டையும் 125, 145 முனைகளையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ஆனிக் காற்று கிளம்புவதற்குள் வந்துவிட்டால் இரண்டு காலையில் முடித்துவிடலாம், தவறினால் புரட்டாசி வரை காத்திருக்க வேண்டும்.